பழைய புல்லட்டில் கரண்ட் வரவில்லையா? முதலில் முள்ளைப் பாருங்கள்

பாயிண்ட் (காயிலுக்குப் போகும் மின்சாரத்தை மூடித் திறக்கும் குட்டி சுவிட்ச்) வைத்த இரும்பு பிளாக் புல்லட் 350 ஒன்றை இருபது வருடத்துக்கு மேலாகத் தினமும் ஓட்டிக்கொண்டிருக்கிறேன். தெருவில் இருக்கும் மற்ற பழைய புல்லட்டுகளும் காலையில் கிளம்பாவிட்டால் என் வாசலுக்குத்தான் தள்ளிக்கொண்டு வரப்படும். பத்து வண்டி வந்தால் அதில் ஏழெட்டு வண்டிக்குக் குறை ஒரே பக்கம்தான் இருக்கும்: இக்னிஷன், அதாவது பிளக்கில் பொறி உண்டாக்கும் மின்சாரப் பகுதி. அந்த ஏழெட்டிலும் பாதி வண்டிகளுக்கு என்னிடம் வருவதற்கு முன்பே புது காயில் வாங்கி மாட்டியிருப்பார்கள். மனசு கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் பேட்டரி மின்சாரத்தைப் பிளக்குக்கு உயர் வோல்ட்டாக மாற்றும் அந்தக் காயில் கெடுவது அபூர்வம்.

ஹெட்லைட் மேலே இருக்கும் ஆம்பியர் மீட்டரை எல்லோரும் அலங்காரம் என்று நினைத்துவிடுகிறார்கள். இந்த வண்டியில் அதுதான் மருத்துவர் கையிலிருக்கும் ஸ்டெத்தஸ்கோப். லைட் எதுவும் போடாமல் சாவியை மட்டும் போட்டு, கிக்கரைக் கையால் மெதுவாக இறக்கிக்கொண்டே முள்ளைப் பாருங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்போது முள் மைனஸ் பக்கம் மூன்று நான்கு ஆம்பியர் சாய வேண்டும். பாயிண்ட் திறக்கும்போது நடுவுக்கு வர வேண்டும். இந்த ஆட்டம் எப்படி இருக்கிறது என்பதை வைத்தே கீழே தலைப்புகள் பிரித்திருக்கிறேன். உங்கள் வண்டியின் அறிகுறி எதுவோ நேராக அங்கே போங்கள்.

எலெக்ட்ரா மாதிரி பாயிண்டே இல்லாத வண்டிகளுக்கு இது பொருந்தாது.

கை வைக்கும் முன்

பிளக் ஸ்பானர், சின்ன திருப்புளி, ஃபீலர் கேஜ், 400 நம்பர் வாட்டர் பேப்பர், ஒரு வெள்ளைத் தாள், இரண்டு முனையிலும் கிளிப் வைத்த ஒரு முழம் வயர், சின்ன பல்பில் செய்த டெஸ்ட் லேம்ப். மல்டிமீட்டர் இருந்தால் நல்லது.

மூன்று விஷயங்களை மட்டும் மறக்காதீர்கள். ஒன்று, பிளக்கைக் கழற்றி ஸ்பார்க் பார்க்கும்போது அதை பிளக் ஓட்டைக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. ஓட்டையிலிருந்து பெட்ரோல் ஆவி சீறி வரும், தீப்பிடிக்கும். பிளக்கின் இரும்பு உடல் ஹெட்டில் நன்றாகத் தொட்டிருக்க, ஓட்டையிலிருந்து தள்ளி வையுங்கள். இரண்டு, பிளக் வயரை அந்தரத்தில் தொங்கவிட்டுக் கிக் அடிக்காதீர்கள். போக வழியில்லாத மின்சாரம் காயிலின் உள் இன்சுலேஷனைக் கிழித்துவிடும். மூன்று, சாவியைப் போட்டபடியே விட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். பாயிண்ட் மூடிய நிலையில் நின்றிருந்தால் காயில் சுட்டுப் போகும், பேட்டரியும் இறங்கிவிடும். இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் ஸ்பார்க் சோதனையை வேறொருவரிடம் விட்டுவிடுங்கள்.

அறிகுறி 1: முள் அசையவே இல்லை, நடுவிலேயே நிற்கிறது

காயிலுக்கு மின்சாரமே போகவில்லை, அல்லது போனது பாயிண்ட் வழியாக எர்த் ஆகவில்லை (வண்டியின் இரும்பு உடலுக்குப் போய்ச் சேரவில்லை).

*ஹாரன் அடிக்கவில்லை, லைட்டும் எரியவில்லை என்றால்:* பேட்டரி பக்கம். முதலில் ஃபியூஸ். கண்ணால் பார்த்து நல்லது என்று முடிவு செய்யாதீர்கள், கண்ணாடிக் குழாயின் மூடிக்குள் அறுந்திருந்தால் வெளியே தெரியாது. மாற்றிப் பாருங்கள். அடுத்து பேட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். வெந்நீர் ஊற்றிக் கழுவி, சுரண்டி, இறுக்கிவிட்டு வாஸ்லின் தடவுங்கள். அப்புறம் எர்த் வயர் சேஸில் சேரும் போல்ட். அந்த இடத்தில் பெயின்ட் அடித்து மாட்டியிருந்தால் தொடர்பே இருக்காது. 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.6 காட்ட வேண்டும். 12-க்குக் கீழே இருந்தால் முதலில் சார்ஜ், மற்றதெல்லாம் பிறகு. 6 வோல்ட் வண்டியாக இருந்தால் 6.3.

*ஹாரன் அடிக்கிறது, முள் மட்டும் அசையவில்லை என்றால்:* டெஸ்ட் லேம்ப்பை எடுங்கள். காயிலில் இரண்டு சின்ன முனை இருக்கும்: ஒன்று சாவியிலிருந்து வருவது, மற்றது பாயிண்டுக்குப் போவது. சாவியிலிருந்து வரும் முனைக்கும் எர்த்துக்கும் நடுவே லேம்ப் எரியவில்லையா? சாவி சுவிட்ச் அல்லது வழியில் உள்ள வயர். பேட்டரியில் எர்த் போகாத முனையிலிருந்து அந்தக் காயில் முனைக்குக் கிளிப் வயரை நேராகப் போடுங்கள். வண்டி கிளம்பினால் காயில் நிரபராதி, சாவி சுவிட்ச்தான் குற்றவாளி. அப்படி ஓடும்போது சாவியை அணைத்தாலும் இன்ஜின் நிற்காது, வயரை உருவ வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள்.

லேம்ப் எரிகிறது, ஆனால் முள் அசையவில்லையென்றால் பாயிண்ட் அழுக்கு. இதுதான் மிக மிகச் சாதாரணமான காரணம். ஒரு மாதம் வண்டி சும்மா நின்றிருந்தாலே போதும், பாயிண்ட் முகத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் படிந்துவிடும். பாயிண்ட் இருக்கும் பெட்டிதான் டிஸ்ட்ரிப்யூட்டர்; சிலிண்டருக்குப் பின்னால் வலப்பக்கம் இருக்கும் அதன் மூடியைக் கழற்றுங்கள். வாட்டர் பேப்பரை மடித்து இரண்டு முகத்துக்கும் நடுவே விட்டு நாலு முறை லேசாக இழுங்கள். அதோடு நிறுத்தினால் துகள் உள்ளேயே இருக்கும். வெள்ளைத் தாள் துண்டை பெட்ரோலில் நனைத்து, பாயிண்டை மூடவிட்டு உருவுங்கள். தாளில் சாம்பல் நிறக் கோடு விழும். அந்தக் கோடு விழுவது நிற்கும் வரை புதுத் தாளால் திரும்பத் திரும்ப உருவுங்கள்.

புதிதாக வாங்கி மாட்டிய பாயிண்டுக்கும் இதே வேலை உண்டு. கடையில் துருப்பிடிக்காமல் இருக்க அதன் முகத்தில் ஒரு எண்ணெய்ப் பூச்சு இருக்கும். அதைத் துடைக்காமல் மாட்டிவிட்டு, "புதுசு போட்டும் கரண்ட் வரல" என்று தள்ளிக்கொண்டு வருபவர்கள் நிறைய.

ஆம்பியர் மீட்டரே செத்துப்போன வண்டியா? காயிலின் பாயிண்ட் பக்க முனைக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் லேம்ப்பை மாட்டிவிட்டுக் கிக்கரை இறக்குங்கள். பாயிண்ட் திறந்தால் எரியும், மூடினால் அணையும். முள் சொல்வதை எல்லாம் இந்த லேம்ப்பும் சொல்லும்.

அறிகுறி 2: முள் மைனஸிலேயே ஒட்டி நிற்கிறது, நடுவுக்கு வருவதே இல்லை

பாயிண்ட் திறக்கவில்லை, அல்லது திறந்தாலும் மின்சாரம் வேறு வழியில் எர்த் ஆகிறது.

மூடியைக் கழற்றிவிட்டு, வண்டிக்கு வலப்பக்கம் குத்துக்கால் போட்டு உட்காருங்கள். ஒரு கையால் கிக்கரை இறக்கிக்கொண்டே பாயிண்டைப் பாருங்கள். சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஷரைப் பிடிக்க ஆள் இல்லையென்றால் பிளக்கைக் கழற்றிவிட்டால் சுலபமாகச் சுற்றும். பாயிண்ட் திறப்பதே தெரியவில்லையா? பாயிண்டைத் திறக்கும் சுழல் மேடான கேமில் உரசும் ஃபைபர் குதிகால் தேய்ந்து இடைவெளி மூடிப் போயிருக்கும். முழுசாகத் திறந்த நிலையில் நிறுத்தி 0.35 முதல் 0.40 மி.மீ. இடைவெளி வையுங்கள். ஃபீலர் கேஜ் மெல்லிய இழுவையோடு போக வேண்டும், நெட்டித் தள்ளக் கூடாது. கேமில் அரிசி அளவு கிரீஸ் வையுங்கள், அதற்கு மேல் வேண்டாம். அதிகமானால் தெறித்துப் பாயிண்டில் விழும்.

பாயிண்ட் நன்றாகத் திறக்கிறது, முள் மட்டும் மைனஸை விட்டு வரவில்லையா? இங்கேதான் நான் இரண்டு வாரம் சிக்கிக் கிடந்தேன். வெளியூரில் ஒரு பட்டறையில் பாயிண்ட் மாற்றிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து மறுநாள் காலையில் கரண்ட் இல்லை. கண்டென்சர் (பாயிண்டில் பொறி பறப்பதை அடக்குவது) மாற்றினேன், காயில் மாற்றினேன், வயரை மாற்றினேன். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாயிண்டின் குட்டிப் போல்ட்டைக் கழற்றிப் பார்த்தபோது, ஸ்பிரிங் பட்டைக்கும் தட்டுக்கும் நடுவே இருக்க வேண்டிய ஃபைபர் வாஷர், நட்டுக்கு மேலே உட்கார்ந்திருந்தது. மிளகு அளவு வாஷர். ஸ்பிரிங் பட்டை தட்டைத் தொட்டும் தொடாமலும் இருந்ததால் அன்று ஊர் வரை ஓடி வந்திருக்கிறது.

அதனால் அந்த வாஷர் வரிசையை மனப்பாடம் செய்யுங்கள்: கண்டென்சர் வயர், காயில் வயர், ஸ்பிரிங் பட்டை இவை மூன்றும் ஒன்றையொன்று தொட வேண்டும், தட்டையோ போல்ட்டின் எர்த் ஆகும் பகுதியையோ எதுவும் தொடக் கூடாது. கழற்றுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள். எனக்கு அந்த நாளில் அந்த வசதி இல்லை.

வாஷர் சரியாக இருந்தால் கண்டென்சர் வயரைக் கழற்றிவிட்டு முள்ளைப் பாருங்கள். இப்போது ஆட ஆரம்பித்தால் கண்டென்சர் உள்ளே ஷார்ட். அதுவும் இல்லையென்றால் காயிலிலிருந்து பாயிண்டுக்கு வரும் வயர் எங்கோ தேய்ந்து பிரேமைத் தொடுகிறது. டாங்கிக்குக் கீழே, வயர் வளையும் இடங்களில் பாருங்கள்.

அறிகுறி 3: முள் அழகாக ஆடுகிறது, பிளக்கில் கரண்ட் இல்லை அல்லது மஞ்சளாக மெலிந்து அடிக்கிறது

முதலில் வேறு பிளக். வண்டியில் எப்போதும் நல்ல பிளக் ஒன்று இருக்க வேண்டும். இடைவெளி நான் 0.5 மி.மீ. வைக்கிறேன். கருப்பாகப் பெட்ரோலில் நனைந்து வந்தால் துடைத்துக் காயவைத்து மாட்டலாம். வெள்ளைப் பீங்கானில் தலைமுடி அளவு கீறல் இருந்தால் தூக்கிப் போடுங்கள்.

அடுத்து பிளக் கேப். அதை முறுக்கிக் கழற்றிவிட்டு, வெறும் வயரின் நுனியை ஹெட்டின் இறக்கையிலிருந்து ஐந்தாறு மி.மீ. தள்ளி நிற்கும்படி மரக் குச்சியில் கட்டி வைத்துக் கிக் அடியுங்கள். கையால் பிடிக்க வேண்டாம். இப்போது நீல நிறத்தில் "டக்" என்று சத்தத்தோடு தாவினால் கேப்தான் கெட்டது. செலவு மிகக் குறைவு.

இன்னும் மெலிந்தே அடிக்கிறதா? டிஸ்ட்ரிப்யூட்டர் மூடியைத் திறந்து வைத்து, இருட்டான இடத்தில் வேறொருவரைக் கிக் அடிக்கச் சொல்லிப் பாயிண்டைப் பாருங்கள். திறக்கும்போது ஊசி முனை அளவு பொறி தெரிவது சரி. வெல்டிங் மாதிரி நீலமும் வெள்ளையுமாகப் பளீரென்று அடித்தால் கண்டென்சர் போய்விட்டது. பாயிண்டின் ஒரு முகத்தில் குழியும் மறு முகத்தில் மேடும் இருந்தால் அதுவும் அதே செய்தி.

பழைய கண்டென்சரின் வயரைக் கழற்றிவிட்டு, வேறொரு கண்டென்சரின் உடலை எர்த்தில் இறுக்கி, அதன் வயரை காயிலின் பாயிண்ட் பக்க முனையில் மாட்டிப் பாருங்கள். அம்பாசிடர் கார் கண்டென்சரே போதும், வேலை செய்யும். நான் என் வண்டியில் இதை நிரந்தரமாகவே வெளியே வைத்துவிட்டேன். டிஸ்ட்ரிப்யூட்டர் சூட்டில் வெந்துகொண்டிருப்பதை விட அங்கே பல மடங்கு நாள் உழைக்கிறது.

எல்லாம் பார்த்தாகிவிட்டது என்றால் மட்டும் காயில். இரண்டு சின்ன முனைகளுக்கும் நடுவே மல்டிமீட்டரில் 12 வோல்ட் காயில் ஏறக்குறைய 3 முதல் 4.5 ஓம் காட்டும். பெரிய முனைக்கும் சின்ன முனைக்கும் நடுவே ஆயிரக்கணக்கில் வர வேண்டும். முடிவிலி காட்டினால் உள்ளே அறுந்திருக்கிறது. வாங்கும்போது உங்கள் வண்டி 6 வோல்ட்டா 12 வோல்ட்டா என்று கேட்டு வாங்குங்கள். 12 வோல்ட் வண்டியில் 6 வோல்ட் காயில் மாட்டினால் முதல் நாள் பிரமாதமாக ஓடும், அப்புறம் பாயிண்டும் காயிலும் சேர்ந்து கருகும்.

அறிகுறி 4: கரண்ட் நன்றாக வருகிறது, ஆனால் கிளம்பவில்லை, அல்லது கிக்கர் திருப்பி அடிக்கிறது

பிளக் நனையாமல் உலர்ந்தே வருகிறதென்றால் பெட்ரோல் பக்கம் போங்கள், இக்னிஷனை விட்டுவிடுங்கள். நனைந்து வருகிறதென்றால் டைமிங், அதாவது பொறி விழும் நேரம்.

திருப்பி அடிக்கிற வண்டியை வீம்புக்குக் கிக் அடிக்காதீர்கள். 90 மி.மீ. ஸ்ட்ரோக் உள்ள பெரிய ஒற்றை பிஸ்டன் அது, கணுக்காலை உடைக்கும். நான் பார்த்திருக்கிறேன்.

முதலில் பாயிண்ட் இடைவெளி. இடைவெளி கூடினால் பாயிண்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் முன்னால் போகும். தேய்ந்து குறைந்தால் பின்னால் போகும். அதனால் இடைவெளியைச் சரி செய்யாமல் டைமிங்கைத் தொடக் கூடாது.

அடுத்து ஆட்டோ அட்வான்ஸ், வேகம் ஏற ஏற பொறி விழும் நேரத்தை முன்னால் தள்ளுவது. பாயிண்ட் தட்டுக்குக் கீழே இரண்டு குண்டும் இரண்டு ஸ்பிரிங்கும் இருக்கும். கேமை விரலால் பிடித்து அது சுற்றும் திசையில் முறுக்கி விடுங்கள். சட்டென்று பழைய இடத்துக்கு வர வேண்டும். வராமல் தளர்ந்து நின்றால் ஸ்பிரிங் இழுவையை இழந்துவிட்டது: திருப்பி அடிக்கும், ஸ்லோவில் நிற்காது. முறுக்கவே முடியாமல் துருவேறி இறுகியிருந்தால் கிளம்பும், ஆனால் பிக்கப் இருக்காது, சைலன்சர் குழாய் நீலம் பாய்ந்துவிடும். பெட்ரோலில் கழுவி ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் பெரும்பாலும் சரியாகும்.

இப்போது டைமிங். பிளக்கைக் கழற்றி ஓட்டையில் கட்டைவிரலை வைத்துக் கிக்கரை இறக்குங்கள். விரலைக் காற்று தள்ளும் சுற்றுதான் கம்ப்ரஷன். தள்ளாத சுற்றில் டைமிங் வைத்தால் ஆயுளுக்கும் கிளம்பாது. பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. முன்னால் பாயிண்ட் திறக்கத் தொடங்க வேண்டும், அட்வான்ஸ் குண்டுகள் மூடிய நிலையில். டிஸ்ட்ரிப்யூட்டர் கிளாம்பைத் தளர்த்தி, சாவியைப் போட்டு, உடலை மெல்லத் திருப்பினால் முள் மைனஸிலிருந்து நடுவுக்குத் தாவும் அந்தக் கணம்தான் திறக்கும் கணம். அங்கே இறுக்குங்கள். சைக்கிள் ஸ்போக்கை ஓட்டையில் விட்டு உச்சியைப் பார்ப்பவர்கள், அந்த ஓட்டை சாய்வாக இருப்பதால் கணக்கு சற்றுப் பிசகும் என்பதையும், ஸ்போக் உள்ளே இருக்கும்போது கிக்கரை வேகமாக மிதிக்கக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

*இங்கே மெக்கானிக்கிடம் போக வேண்டிய இடம்:* கேமைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் தண்டு ஆடுகிறதா? புஷ் தேய்ந்துவிட்டது. இடைவெளியை எத்தனை முறை வைத்தாலும் நிற்காது. லேத் பட்டறையில் புஷ் போட வேண்டும்.

அறிகுறி 5: பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் சூடானதும் நின்றுவிடுகிறது, அரை மணி ஆறினால் கிளம்புகிறது

அதிகம் பணம் தின்னும் அறிகுறி இது, ஏனென்றால் மெக்கானிக்கிடம் போய்ச் சேர்வதற்குள் வண்டி ஆறிச் சரியாகிவிடும். சோதனையை நின்ற இடத்திலேயே, அந்த நிமிடமே செய்ய வேண்டும்.

நின்றதும் முதலில் பெட்ரோல் டாங்கி மூடியைத் திறங்கள். "ஸ்ஸ்" என்று காற்று உள்ளே இழுத்து, உடனே வண்டி கிளம்பினால் மூடியின் காற்று ஓட்டை அடைத்திருக்கிறது. ஒரு ஊசியால் முடியும் வேலை.

இல்லையென்றால் முள்ளைப் பாருங்கள். ஆடவில்லையென்றால் அறிகுறி 1 அல்லது 2. ஆடுகிறது, ஸ்பார்க் மெலிந்திருக்கிறது என்றால் கண்டென்சர், அப்புறம் காயில், இதே வரிசையில். காயிலைத் தொட்டுப் பாருங்கள், கை வைக்க முடியாத சூடாக இருந்தால் ஈரத் துணி சுற்றி ஐந்து நிமிடம் விடுங்கள். அதில் கிளம்பினால் சந்தேகம் உறுதி. கண்டென்சருக்குக் கையிலிருக்கும் உபரியை மாட்டிப் பார்ப்பதுதான் வழி, ஆறிய பிறகு மீட்டர் நல்லது என்றே காட்டும்.

அறிகுறி 6: ஓடும்போது மிஸ்ஸிங், பள்ளத்தில் இறங்கினால் வெட்டுகிறது

மிஸ்ஸிங் ஆகும்போது ஆம்பியர் முள்ளும் சேர்ந்து துள்ளினால் தளர்ந்த இணைப்பு. ஸ்லோவில் நிறுத்தி சாவியை லேசாக ஆட்டுங்கள், ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுசாகத் திருப்புங்கள், பேட்டரி முனைகளை அசையுங்கள். எதில் இன்ஜின் தடுமாறுகிறதோ அதுதான் இடம். ஹேண்டில் திருப்பும் இடத்தில் வயர் உறைக்கு உள்ளே கம்பி அறுந்து, மேலே உறை மட்டும் முழுசாக இருக்கும். முள் நிலையாக இருந்தும் மிஸ்ஸிங் என்றால் பிளக், கேப், பிளக் வயர்.

அறிகுறி 7: மழையில், அல்லது வாட்டர் சர்வீஸ் செய்ததும் கிளம்பவில்லை

பிளக் கேப்பைக் கழற்றி உள்ளே துடையுங்கள், பிளக்கின் பீங்கானையும் துடையுங்கள். டிஸ்ட்ரிப்யூட்டர் மூடிக்குள் வியர்த்திருந்தால் உலர்ந்த துணி. இரவில் இருட்டில் நிறுத்தி ஓடவிட்டுப் பாருங்கள். வயர் நெடுக நீலப் பொறி ஓடினால் வயரை மாற்றுங்கள்.

அறிகுறி 8: வாரம் ஒரு முறை பேட்டரி சார்ஜ் போட வேண்டியிருக்கிறது

லைட் இல்லாமல் நல்ல வேகத்தில் ஓட்டும்போது முள் பிளஸ் பக்கம் வர வேண்டும். மைனஸிலேயே இருந்தால் பேட்டரிக்குச் சார்ஜ் கொடுக்கும் ஆல்டர்னேட்டரோ ரெக்டிஃபையரோ வேலை செய்யவில்லை. பேட்டரி கரைந்து கரைந்து கடைசியில் ஸ்பார்க்கும் போகும். பேட்டரி தண்ணீர் அளவையும் ஆல்டர்னேட்டரிலிருந்து வரும் வயர்களின் இணைப்பையும் நீங்களே பார்க்கலாம். அதற்கு மேல் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். பிரைமரி செயின் மூடியைத் திறந்து, ஆயில் வடித்து, வைண்டிங்கை அளக்க வேண்டிய வேலை அது. போகும்போது "லைட் இல்லாமல் ஓடும்போதும் முள் மைனஸில் நிற்கிறது" என்று சொல்லுங்கள். அந்த ஒரு வரியில் அவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். காயிலைத் தொட மாட்டார்.